வகிட்டுக் குங்குமம்: கல்கத்தாவின் நிஜ உளவு நாயகிகள்

கணவனை இழந்த ஒரு பெண் சுமங்கலி வேடத்தில் சிறைக்குள் போனார். கல்லூரி மாணவி ஒருவர் பெயரை மாற்றிச் சொல்லித் தூக்குத் தண்டனைக் கைதியைப் பார்த்து வந்தார். பெண்கள் விடுதியின் நிர்வாகி ஒருவர் தன் பொறுப்பிலிருந்த விடுதியிலேயே வெடிகுண்டுகளை ஒளித்து வைத்தார். சினிமா கற்பனை செய்வதற்கு வெகுகாலம் முன்பே கல்கத்தா கண்ட கதைகள் இவை.

1915. கல்கத்தா பிரசிடென்சி சிறை. கைதி ராமச்சந்திர மஜும்தாரைப் பார்க்க அவருடைய மனைவி வந்து நிற்கிறார். வகிட்டில் குங்குமம், கையில் சங்கு வளையல், தலையில் முக்காடு. கணவன் சிறைக்குப் போனதால் தவித்து நிற்கும் இன்னொரு வங்காளத்துப் பெண் என்றுதான் காவலர்கள் நினைத்தார்கள். பேச அனுமதித்தார்கள்.

வந்தவர் மஜும்தாரின் மனைவி அல்ல. பதினோரு வயதில் கல்யாணமாகி, பதினாறு வயதில் கணவனை இழந்தவர். ஹௌரா மாவட்டத்துப் பாலி என்ற ஊரின் பிராமணக் குடும்பத்துப் பெண். பெயர் நனிபாலா தேவி. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல். போலீஸ் பிடிப்பதற்கு முன் மஜும்தார் ஒரு மவுசர் கைத்துப்பாக்கியை எங்கோ ஒளித்து வைத்திருந்தார். அந்த இடத்தைப் புரட்சித் தோழர்களிடம் சொல்ல அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நனிபாலா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வந்த வழியே வெளியே போனார்.

அந்தக் காலத்து வங்காளத்தில் விதவை என்றால் வெள்ளைப் புடவை. மீன் கூடாது, வளையல் கூடாது, ஏகாதசி அன்று தண்ணீர்கூடக் கூடாது. அப்படிப்பட்டவர் நெற்றி வகிட்டில் குங்குமம் இட்டு, அந்நிய ஆண் ஒருவரைத் தன் கணவர் என்று சொல்லிக்கொண்டு அரசாங்கச் சிறைக்குள் நடந்து போயிருக்கிறார். பிடிபட்டிருந்தால் போலீஸ் ஒரு பக்கம் தண்டித்திருக்கும். ஊரும் உறவும் இன்னொரு பக்கம் தண்டித்திருக்கும். இரண்டாவது தண்டனைக்கு விடுதலைத் தேதி கிடையாது. அது தெரிந்துதான் அவர் போனார்.

படத்தில் வந்தவள், வரலாற்றில் வாழ்ந்தவள்

கல்கத்தா, உளவு, பெண் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் இன்றைய ரசிகருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘கஹானி’. சுஜய் கோஷ் இயக்கத்தில் 2012 மார்ச் 9 அன்று வெளியான இந்திப் படம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வித்யா பாலன், காணாமல்போன கணவனைத் தேடி லண்டனிலிருந்து கொல்கத்தா வந்திறங்கும் நிறைமாதக் கர்ப்பிணியாக நடித்திருந்தார். காளிகாட் காவல் நிலையம், பழைய விருந்தினர் விடுதி, டிராம், துர்கா பூஜைக் கூட்டம் என நகரம் முழுக்க அலைகிறாள் அந்தப் பெண். தேடத் தேட, உளவுத்துறைக்குள்ளேயே இருக்கும் துரோகிகள் வரை பாதை நீள்கிறது. கடைசியில் தெரிகிறது: அவள் கர்ப்பிணி அல்ல, கணவனைத் தேடி வந்தவளும் அல்ல. மெட்ரோ ரயிலில் நடந்த விஷவாயுத் தாக்குதலில் கணவனைப் பறிகொடுத்தவள். ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஒருவரின் துணையோடு சதிகாரர்களை வேட்டையாட வேடம் போட்டு வந்தவள். திரைக்கதைக்குத் தேசிய விருது கிடைத்தது. 2014-ல் சேகர் கம்முலா, நயன்தாராவை வைத்து ‘நீ எங்கே என் அன்பே’ என்ற பெயரில் தமிழுக்கும் கொண்டு வந்தார்.

கணவனை இழந்த ஒரு பெண், கணவன் இருக்கிறான் என்று ஊரை நம்ப வைத்து, அரசாங்க அதிகாரிகளின் கண் முன்னாலேயே தன் வேலையை முடிக்கிறாள். திரையில் இதைப் பார்த்து நாம் சிலிர்த்தோம். அதே நகரத்தில், படம் வருவதற்குத் தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விதவை இதை நிஜமாகச் செய்திருக்கிறார். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கட்டுரை அந்தப் பெயருக்காகத்தான். அவருக்குப் பின்னால் வந்த வேறு பல பெயர்களுக்காகவும். பெண்ணுக்குச் சமூகம் கொடுத்த வேடங்கள் நான்கைந்துதான்: மனைவி, விதவை, அக்கா, அத்தை, படிக்கிற பெண். அந்த வேடங்களுக்குள் நின்றுகொண்டே இவர்கள் ஒரு பேரரசின் உளவுத்துறையோடு மோதினார்கள். எந்த அடையாளத்தை வைத்து உலகம் இவர்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டதோ, அந்த அடையாளத்தையே இவர்கள் கேடயமாக்கிக்கொண்டார்கள்.

போர்க்காலக் கல்கத்தா

நனிபாலா சிறைக்குள் நுழைந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போர் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. இங்கிலாந்தின் நெருக்கடியே இந்தியாவின் வாய்ப்பு என்று புரட்சியாளர்கள் கருதினார்கள். வங்காளத்தில் ‘யுகாந்தர்’ அமைப்பு, பாகா ஜதின் என்று மக்கள் அழைத்த ஜதீந்திரநாத் முகர்ஜியின் தலைமையில் பெரிய திட்டம் ஒன்றைப் போட்டிருந்தது. ஜெர்மனியின் உதவியோடு ‘மாவெரிக்’ என்ற கப்பலில் 30,000 துப்பாக்கிகள் வரும். சுந்தரவனக் காட்டோரம் ராய்மங்கல் பகுதியில் இறக்கிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் எழுச்சி தொடங்கும். இதுதான் கணக்கு. ஆயுதங்களைப் பற்றிப் பேச, பிற்காலத்தில் எம்.என்.ராய் என்று உலகம் அறிந்த நரேந்திரநாத் பட்டாச்சார்யா படேவியா வரை போய் வந்தார்.

துப்பாக்கி ஏற்றாமலேயே அந்தக் கப்பல் ஜாவா போய்ச் சேர்ந்தது. திட்டத்தின் நூல் போலீஸ் கையில் சிக்கியது. 1915 செப்டம்பர் 9 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே ஜதினும் நான்கு தோழர்களும் போலீஸ் படையோடு மோதினார்கள். படுகாயமடைந்த ஜதின் மறுநாள் உயிரிழந்தார்.

பிரிட்டிஷ் அரசு இதை ‘அரசுக்கு எதிரான சதி’ என்றது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களுக்கோ, விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்துப் போடும் 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறைச் சட்டமும், 1915-ல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டமும், காசுக்குக் காட்டிக்கொடுக்கும் ஆட்களின் வலையும்தான் சதி. சார்லஸ் டெகார்ட் போன்ற அதிகாரிகள் கல்கத்தாவின் ஒவ்வொரு சந்தையும் கடையும் கண்காணிக்கப்படும்படி செய்திருந்தார்கள். அமரேந்திரநாத் சட்டோபாத்யாய் நடத்திய ‘ஷ்ரமஜீபி சமவாய்’ என்ற சுதேசிக் கடையும் அந்தக் கண்ணுக்குத் தப்பவில்லை. 1915 ஆகஸ்டில் அங்கே சோதனை நடந்தது. அமரேந்திரநாத் தப்பினார், ராமச்சந்திர மஜும்தார் மாட்டிக்கொண்டார்.

இந்த அமரேந்திரநாத் நனிபாலாவுக்கு உறவுமுறையில் மருமகன். அத்தையைப் புரட்சிக்குள் அழைத்து வந்தவர் அவர்தான். பிறந்த வீட்டில் பாரமாகக் கிடந்த ஓர் இளம் விதவைக்கு, ‘உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது’ என்று சொல்ல அப்போது வேறு யாரும் இல்லை.

அதே காலத்தில் நம் சென்னையில், பால்ய விதவையான ஆர்.எஸ்.சுப்புலட்சுமி, தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு விடுதி தொடங்கிப் படிப்பின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மூலையில் உட்காரச் சொன்ன சமூகத்திடம் ‘முடியாது’ என்று சொன்னவர்கள் இருவரும். ஒருவர் பள்ளிக்கூடத்தின் வழியே சொன்னார். இன்னொருவர் தலைமறைவு இயக்கத்தின் வழியே சொன்னார்.

பெட்டிச் செய்தி: காணாமல்போன பத்துப் பெட்டிகள்

நனிபாலா தேடிப்போன மவுசருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ரோடா அண்ட் கம்பெனி என்ற ஆயுத வணிக நிறுவனம் இருந்தது. 1914 ஆகஸ்ட் 26 அன்று அதன் குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ரா, சுங்க அலுவலகத்திலிருந்து 202 பெட்டிகளை எடுத்தார். நிறுவனத்தின் கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. மிச்சம் பத்துப் பெட்டிகள் மாட்டு வண்டியில் நகரத்துக்குள் மறைந்தன, குமாஸ்தாவும் மறைந்தார். அந்தப் பெட்டிகளில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அடுத்த சில ஆண்டுகள் வங்காளத்தில் நடந்த பெரும்பாலான புரட்சிச் சம்பவங்களில் இந்தத் துப்பாக்கிகள் பயன்பட்டன என்று 1918-ல் ரௌலட் குழு பதிவு செய்தது. ரோடா கொள்ளை நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசியது. பிரிட்டிஷ் அரசு எவ்வளவு பதற்றத்தில் இருந்தது என்பதற்கு இந்த இரண்டு சம்பவங்களே சாட்சி.

சந்தன்நகரில் ஒரு குடும்பம்

கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், சந்தன்நகர். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சிப் பகுதி. பாரதிக்கும் வ.வே.சு. ஐயருக்கும் புதுச்சேரி எப்படியோ, வங்காளப் புரட்சியாளர்களுக்குச் சந்தன்நகர் அப்படி. அரவிந்தர்கூட 1910-ல் முதலில் அங்கே பதுங்கியிருந்துவிட்டுத்தான் புதுச்சேரிக்குக் கப்பலேறினார்.

தலைமறைவான ஆண்கள் அங்கே வீடு எடுப்பதில் ஒரு சிக்கல். குடும்பம் இல்லாத ஆண்களுக்கு வீடு கிடைக்காது; கிடைத்தாலும் அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுவார்கள். வீட்டில் ஒரு பெண் இருந்தால் போதும், அது குடும்பம். ரிஷ்ராவில் ஒரு வீட்டில் சில காலம் இவர்களைக் காப்பாற்றிய நனிபாலா, பிறகு சந்தன்நகரிலும் இல்லத்தரசியாகக் குடியேறினார். தலைக்குப் பெரும் பரிசுத் தொகை அறிவிக்கப்பட்டிருந்த ஜாதுகோபால் முகர்ஜி, அமரேந்திரநாத், அதுல் கோஷ், போலாநாத் சட்டர்ஜி போன்றவர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். பகலில் அசையக் கூடாது, இரவில்தான் நடமாட்டம். வெளியே பார்ப்பவர்களுக்கு அது பூஜையும் சமையலுமாக இருக்கும் ஒரு விதவையின் வீடு.

உளவு வேலை என்றால் சுவரேறிக் குதிப்பதும் துரத்திச் சுடுவதும்தான் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். நனிபாலா செய்த உளவு வேலையில் பெரும்பகுதி அரிசி வாங்குவது, எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது, வாசலில் கேட்பவரிடம் பதற்றமில்லாமல் பதில் சொல்வது. ஒரு நாள் தவறினாலும் அத்தனை பேருக்கும் தூக்கு. மாதக்கணக்கில் அவர் தவறவில்லை.

பெஷாவரிலிருந்து காசி வரை

சந்தன்நகர் வீடும் ஒருநாள் போலீஸ் கண்ணில் பட்டது. ஆண்கள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். நனிபாலா தன் இளமைக்காலத் தோழி ஒருத்தியின் சகோதரரோடு, நாட்டின் மறுகோடியில் இருந்த பெஷாவருக்குப் போனார். தனக்குத் தெரிந்த உலகமே பாலியும் கல்கத்தாவும்தான் என்றிருந்த ஒரு பெண், மொழி தெரியாத எல்லைப்புற நகரத்தில் ஒளிந்து வாழ்ந்தார். அங்கே காலரா தாக்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் போலீஸ் கண்டுபிடித்தது. எழுந்து நடக்க முடியாத நிலையிலேயே கைது செய்து, காசிச் சிறைக்குக் கொண்டுவந்தது.

காசியில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அவர் கொடுத்த விலை நமக்குத் தெரியாமல் போகும். அமரேந்திரநாத் எங்கே என்பதுதான் கேள்வி. பதில் வரவில்லை. பெண் வார்டர்களைக் கொண்டு ஆடை களைந்து, உடலுக்குள் மிளகாய் விழுதைச் செலுத்திச் சித்திரவதை செய்தார்கள். அப்போதும் பதில் வரவில்லை. காற்றே புகாத பாதாள அறை ஒன்று அந்தச் சிறையில் இருந்தது. அதில் தள்ளிப் பூட்டினார்கள். முதல் இரண்டு நாட்களும் அரைமணி நேரம் போலப் பூட்டிவைத்தார்கள். மூன்றாம் நாள் இன்னும் கூடுதலான நேரம். கதவைத் திறந்தபோது நினைவிழந்து கிடந்தார். அமரேந்திரநாத்தின் இடம் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்து, கல்கத்தா பிரசிடென்சி சிறை. முன்பு குங்குமம் இட்டுக்கொண்டு வேடத்தில் வந்த அதே இடம். இப்போது கைதியாக. அங்கே அவர் சாப்பிட மறுத்தார். உண்ணாவிரதம் 21 நாட்கள் நீடித்தது. எலிசியம் ரோவில், இன்றைய லார்ட் சின்ஹா சாலையில், உளவுப் பிரிவின் அலுவலகம் இருந்தது. அங்கே அழைத்துப் போய்க் கோல்டி என்ற வெள்ளை அதிகாரி கேட்டார்: என்ன செய்தால் சாப்பிடுவாய்? பாக்பஜாரில் இருக்கும் ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவியிடம் என்னை விடுங்கள், சாப்பிடுகிறேன் என்றார் நனிபாலா. அதை மனுவாக எழுதிக் கொடு என்றார் கோல்டி. எழுதிக் கொடுத்தார். வாங்கிய மனுவைக் கிழித்துப் போட்டார் அந்த அதிகாரி. அந்த நொடியிலேயே அவர் கன்னத்தில் நனிபாலாவின் அறை விழுந்தது.

விசாரணை இல்லாமல் 1818-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ‘அரசுக் கைதி’யாக அடைக்கப்பட்ட முதல் வங்காளப் பெண் அவர்.

சிறைக்குள்ளும் அவருடைய மூளை ஓயவில்லை. அங்கே துக்கரிபாலா தேவி என்ற இன்னொரு பெண் இருந்தார். பீர்பூம் மாவட்டம் ஜாவுபாரா கிராமத்து இல்லத்தரசி. ஏழு ரோடா மவுசர்களைத் தன் வீட்டில் மறைத்து வைத்ததற்காக 1917 ஜனவரியில் பிடிபட்டவர். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். இரண்டு ஆண்டு கடுங்காவல். நாள் முழுக்கப் பருப்பு உடைக்கும் வேலை. இது தெரிந்ததும் நனிபாலா சிறை நிர்வாகத்திடம் ஒரு நிபந்தனை வைத்தார்: நான் பிராமண விதவை, பிராமணப் பெண் சமைத்தால்தான் சாப்பிடுவேன். சிறையில் இருந்த பிராமணப் பெண் துக்கரிபாலா. அவரையே சமையலுக்கு அனுப்பினார்கள். எந்திரக்கல்லிலிருந்து அந்தத் தாய் விடுபட்டார். தன்னை ஒடுக்கிய ஆசாரத்தையே எடுத்து, இன்னொரு பெண்ணின் முதுகிலிருந்து சுமையை இறக்கிவிட்டார் நனிபாலா.

1919-ல் விடுதலை. வெளியே வந்தபோது உறவுக்காரர் வீடுகளில் இடமில்லை. புரட்சியாளர்கள் பலரும் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். வாடகை அறையில், நோயோடும் வறுமையோடும் பல ஆண்டுகள் கழிந்தன. சுதந்திரமும் வந்தது, அவர் அப்போதும் யாருக்கும் தெரியாதவராகவே இருந்தார். 1967-ல் காலமானார்.

அடுத்த தலைமுறை

நனிபாலா விடுதலையாகிப் பத்தாண்டுகளுக்குப் பின், கல்கத்தாவின் பெண்கள் கல்லூரிகளில் ஒரு புதிய தலைமுறை எழுந்தது. இவர்கள் படித்தவர்கள். துணைக்கு ஆளில்லாமல் டிராமில் போய் வரும் பெண்கள். ஆண் காவலர்கள் பெண்ணைச் சோதனையிடத் தயங்கிய காலம் அது. புத்தகப் பையோடு போகும் மாணவியைத் தெருவில் நிறுத்த எந்தப் போலீஸ்காரருக்கும் தோன்றவில்லை. இயக்கம் இதைப் புரிந்துகொண்டது.

பெத்தூன் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த ப்ரீதிலதா வதேதார், சிட்டகாங்கைச் சேர்ந்தவர். அலிபூர் மத்தியச் சிறையில் ராமகிருஷ்ண பிஸ்வாஸ் என்ற இளைஞர் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கி இருந்தார். ஊர் வெகுதொலைவு, அவரைப் பார்க்க யாரும் வர வழியில்லை. ப்ரீதிலதா ‘அமிதா தாஸ்’ என்ற பெயரில், கைதிக்குத் தங்கை முறை என்று எழுதிக் கொடுத்து உள்ளே போனார். ஒரு முறை அல்ல, ஏறத்தாழ நாற்பது முறை. 1931 ஆகஸ்ட் 4 அன்று பிஸ்வாஸ் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், பஞ்சாபி ஆண் வேடத்தில், சிட்டகாங் பகார்தலியில் இருந்த ஐரோப்பியர் கிளப் மீதான தாக்குதலுக்கு ப்ரீதிலதா தலைமை தாங்கினார். பிடிபடாமலிருக்க சயனைடு விழுங்கினார். வயது 21.

அவருடைய தோழி கல்பனா தத், அறிவியல் மாணவி. வெடிமருந்துக்கான வேதிப்பொருட்களைக் கல்கத்தாவிலிருந்து சிட்டகாங்குக்குக் கடத்தினார். சுஹாசினி கங்குலி, கல்கத்தாவில் செவித்திறனற்ற குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. 1930-ல் சஷாதர் ஆச்சார்யா என்ற தோழரின் மனைவி என்ற பெயரில் அதே சந்தன்நகரில் வீடு எடுத்தார். சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய கணேஷ் கோஷ், லோகநாத் பால் உள்ளிட்டோர் அங்கே பதுங்கினார்கள். நனிபாலா வகுத்த வழி அது; பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பலித்தது. செப்டம்பர் 1 விடியற்காலையில் டெகார்ட்டே படையோடு வந்து அந்த வீட்டை வளைக்கும்வரை பலித்தது. அந்த மோதலில் ஜீவன் கோஷால் என்ற இளைஞர் உயிரிழந்தார்.

இவர்கள் எல்லோருக்கும் நடுவில், சத்தமில்லாமல் ஒரு பெண் இருந்தார். கமலா தாஸ்குப்தா. விக்ரம்பூரில் 1907-ல் பிறந்தவர். கல்கத்தாவில் வரலாறு முதுகலை படித்தவர். காந்தியின் ஆசிரமத்துக்குப் போக விரும்பினார், பெற்றோர் விடவில்லை. பிறகு யுகாந்தரில் சேர்ந்தார். பெண்கள் விடுதி ஒன்றின் நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். அந்த விடுதிதான் வெடிகுண்டுகளின் கிடங்கு. அங்கிருந்துதான் அவை நகரத்தின் பல மூலைகளுக்கும் போயின. சந்தேகத்தின்பேரில் போலீஸ் பலமுறை அவரைக் கைது செய்தது. சாட்சியம் கிடைக்காமல் விட்டது.

1932 பிப்ரவரி 6. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் பட்டமளிப்பு விழா. வேந்தரும் வங்காள ஆளுநருமான ஸ்டான்லி ஜாக்சன் உரையாற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்தவர். பட்டம் வாங்க வந்திருந்த மாணவிகளில் ஒருவரான பீனா தாஸ் எழுந்து அவரை நோக்கி ஐந்து முறை சுட்டார். குண்டுகள் குறி தவறின. துணைவேந்தர் ஹசன் சுஹ்ரவர்தி பாய்ந்து அவரைப் பிடித்தார். ஒன்பது ஆண்டு கடுங்காவல் தண்டனை. துப்பாக்கி கொடுத்தது யார் என்று பீனா சொல்லவே இல்லை. கொடுத்தவர் கமலா.

இந்த வழியை எல்லோரும் ஏற்கவில்லை. காந்தியடிகள் வெளிப்படையாகவே மறுத்தார். அதேசமயம் இவர்களின் விடுதலைக்காகவும் பாடுபட்டார். பீனா 1939-ல் வெளியே வந்ததில் அந்த முயற்சிக்கும் பங்குண்டு. துப்பாக்கியால் நாடு விடுதலையாகுமா என்ற விவாதம் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கலாம். ஆனால் இந்தப் பெண்களின் துணிவும் கட்டுப்பாடும் அந்த விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்ற நிலையில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் இவர்கள்.

எல்ஜின் சாலை முதல் ரங்கூன் வரை

1941 ஜனவரி. எல்ஜின் சாலையில் இருந்த தன் வீட்டிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் ஒரு நள்ளிரவில் வெளியேறினார். வீட்டைச் சுற்றி உளவுப் போலீஸ். கார் ஓட்டிப் போன அண்ணன் மகன் சிசிரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த ரகசியத்தில் பங்கு கொண்ட அண்ணன் மகள் இலாவைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ‘சித்தப்பா விரதத்தில் இருக்கிறார், யாரையும் பார்க்க மாட்டார்’ என்ற நாடகம் பத்து நாட்கள் அந்த வீட்டுக்குள் உடையாமல் ஓடியது. திரைக்குப் பின்னால் சாப்பாடு போவதும் வெறும் தட்டு திரும்புவதும் வழக்கம்போல நடந்தன. உலகத்துக்கு விஷயம் தெரிந்தபோது போஸ் எல்லையைத் தாண்டியிருந்தார்.

அவர் பின்னாளில் தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தின் உளவுப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார்: ரங்கூனில் பிறந்த சரஸ்வதி ராஜாமணி. பதின்ம வயதில் ஆண் பிள்ளை வேடமிட்டு, பிரிட்டிஷ் முகாம்களில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே தகவல் சேகரித்த அனுபவத்தைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். போருக்குப் பின் தமிழ்நாடு வந்தவர், சென்னை ராயப்பேட்டையில் ஒரு சிறிய வீட்டில் முதுமையைக் கழித்து 2018 ஜனவரியில் மறைந்தார். அவரைப் பற்றிய செய்திகள் அவருடைய கடைசி ஆண்டுகளில்தான் பரவலாக வந்தன. ராயப்பேட்டைப் பக்கம் போய் வந்த நாமெல்லாம் எத்தனை முறை அந்த வீட்டைக் கடந்திருப்போம்!

எழுதியவர் இல்லாவிட்டால்

உளவு வேலையில் வெற்றி என்றால் தடயம் இல்லாமல் போவது. அதனாலேயே இவர்களுடைய வரலாறும் தடயமில்லாமல் போயிருக்கும். போகாததற்கு ஒரே பெரிய காரணம், கமலா தாஸ்குப்தா.

ஹிஜ்லி உள்ளிட்ட சிறைகளில் சில ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த கமலா, பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். 1942-ல் மறுபடி சிறை. 1946-ல் கலவரம் எரித்த நவகாளியில் நிவாரணப் பணி. சுதந்திரத்துக்குப் பின் எழுத்து. தன் நினைவுகளை ‘ரக்தேர் அக்ஷரே’ என்று 1954-ல் எழுதினார். 1963-ல் ‘ஸ்வாதீனதா சங்க்ராமே பாங்லார் நாரி’, அதாவது சுதந்திரப் போரில் வங்கப் பெண்கள். நனிபாலா, துக்கரிபாலா, சுஹாசினி எனப் பலரின் வாழ்க்கையை அதில் பதிவு செய்தார். காசிச் சிறையின் பாதாள அறையும், கோல்டியின் கன்னத்தில் விழுந்த அறையும் நமக்குத் தெரிய வந்தது பெரும்பாலும் அவருடைய பேனாவால்தான். ரகசியம் காத்தவரே, காலம் வந்தபோது அதை உலகத்துக்குச் சொல்லும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அரசு தரப்பிலும் ஒரு நாள் கதவு திறந்தது. ப்ரீதிலதாவுக்கும் பீனாவுக்கும் பட்டம் வழங்காமல் பிரிட்டிஷ் ஆட்சி நிறுத்தி வைத்திருந்தது. 2012 மார்ச் 22 அன்று, ‘கஹானி’ திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், கல்கத்தாப் பல்கலைக்கழகம் மறைந்த அந்த இரு மாணவிகளுக்கும் பட்டமளிப்பு விழாவில் தகுதிச் சான்றிதழ் வழங்கியது. முன்முயற்சி எடுத்தவர், அப்போது ஆளுநரும் வேந்தருமாக இருந்த எம்.கே.நாராயணன். இந்திய உளவுத்துறையின் தலைவராகப் பணியாற்றியவர். எண்பது ஆண்டுகளுக்கு முன் உளவுத்துறை வேட்டையாடிய மாணவிகளுக்கு, சுதந்திர நாட்டின் உளவுத்துறைத் தலைவராக இருந்த ஒருவர் மூலமாகவே அந்தக் கௌரவம் வந்து சேர்ந்தது. நாடு மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டாம்.

ஆனாலும் பட்டம் பெறாத நனிபாலாக்களுக்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம்? அலிபூர் சிறை 2022-ல் சுதந்திரப் போராட்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். மேற்கு வங்க ஆவணக் காப்பகத்தில் பழைய உளவுப் பிரிவுக் கோப்புகள் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கின்றன. கமலா தாஸ்குப்தாவின் நூல்கள் தமிழ் உள்ளிட்ட எல்லா இந்திய மொழிகளிலும் கிடைக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் ‘மற்றும் பல பெண்களும் கலந்துகொண்டனர்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் இடத்தில் பெயர்கள் வர வேண்டும். நம் ஊரிலும் தலைமறைவு இயக்கங்களுக்குச் சோறு போட்ட, கடிதம் கடத்திய, வீட்டைக் கொடுத்த பாட்டிமார்கள் இருந்திருப்பார்கள். அவர்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் வேகமாகக் கடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண்களை நேரில் பார்த்த பேரப்பிள்ளைகளே இப்போது முதியவர்கள்.

உளவுப் படங்கள் இன்னும் வரட்டும். பெண்கள் நாயகிகளாக வரட்டும். அந்த நாயகிகளை எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்கும் எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் வெளிநாட்டு நாவல்கள் தேவையில்லை. ஹௌராவின் பாலியில் பிறந்து, பிரசிடென்சி சிறைக்குள் இரண்டு வேடங்களில் நுழைந்து, எந்தச் சித்திரவதைக்கும் ஒரு பெயரைக்கூடக் காட்டிக்கொடுக்காத ஒரு பெண் நம் வரலாற்றில் இருக்கிறார். வாழ்ந்த காலத்தில் அவருக்கு மறைவு தேவைப்பட்டது. இனி அவர் மறைந்திருக்க ஒரு காரணமும் இல்லை.